மதிப்பெண் பட்டியலில் இல்லாதவை: மாணவர் செயல்பாடுகளின் பதிவும் வேலைவாய்ப்பும்

பட்டப்படிப்புக் காலத்தில் ஒரு மாணவர் வகுப்பறையில் கழிக்கும் நேரத்துக்கெல்லாம் கணக்கு உண்டு. வருகைப் பதிவு, உள்மதிப்பீடு, பருவத் தேர்வு என ஒவ்வொன்றும் எண்ணாகி மதிப்பெண் பட்டியலில் ஏறிவிடுகிறது. அதே மாணவர் ரத்ததான முகாமுக்கு ஆள் திரட்டியிருக்கலாம்; துறை விழாவுக்குப் பணம் வசூலித்துக் கடைசி ரூபாய் வரை கணக்கு ஒப்படைத்திருக்கலாம்; பல்கலைக்கழகக் கபடி அணியில் ஆடியிருக்கலாம்; மாலை நேரத்தில் துணிக்கடையில் நின்று வீட்டுக்குச் சம்பாதித்துக் கொடுத்திருக்கலாம். இவை எதற்கும் அந்தப் பட்டியலில் இடமில்லை. ஆனால் ஆள் எடுக்கும் நிறுவனங்கள் தங்களுக்கு வேண்டுமென்று சொல்லும் குணங்கள், அதாவது நாலு பேரோடு சேர்ந்து வேலை பார்ப்பது, பொறுப்பெடுப்பது, நெருக்கடியில் முடிவுக்கு வருவது, எதிராளிக்கு விளங்கும்படி பேசுவது ஆகியவை, பெரும்பாலும் இந்தக் கணக்கில் வராத நேரத்தில்தான் விளைகின்றன.

இந்த விடுபடலைப் பல்கலைக்கழகமே தரும் ஓர் ஆவணத்தால் ஈடுகட்ட முடியுமா? அரை நூற்றாண்டாகப் பல நாடுகள் இதைச் செய்து பார்த்திருக்கின்றன. சில முயற்சிகள் நிலைத்தன, சில மங்கிப்போயின, சில வெறும் சடங்காயின. இந்தக் கட்டுரை அந்த முயற்சிகளை மூன்று கேள்விகள் கொண்டு பார்க்கிறது. எதைச் செயல்பாடு என்று ஒப்புக்கொள்வது? அதற்கு யார் பொறுப்பேற்றுச் சான்று தருவது? தந்த சான்றை யார் படிப்பது? பதிவேடுகளின் வெற்றியும் தோல்வியும் தொழில்நுட்பத்தைவிட இந்த மூன்றையே சார்ந்திருந்தன என்பது இந்த வரலாற்றைப் பார்த்தால் தெரியும்.

பிரிட்டனின் பரிசோதனை

இதை ஒரு நாடு முழுமைக்குமான திட்டமாக எடுத்துச் செய்தது பிரிட்டன். அங்கே பட்டம் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பின் மேல்பிரிவு, கீழ்ப்பிரிவு, மூன்றாம் வகுப்பு என்று தரம் பிரித்து வழங்கப்படுகிறது. பல நிறுவனங்கள் இரண்டாம் வகுப்பின் மேல்பிரிவில் கோடு கிழித்து, அதற்குக் கீழே உள்ளவர்களின் விண்ணப்பத்தைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை என்ற நிலை உருவானது. மூன்று ஆண்டுப் படிப்பையும் ஒற்றைச் சொல்லில் சுருக்குவது சரிதானா என்ற கேள்வி அங்கிருந்து எழுந்தது.

பள்ளி அளவில் அவர்களுக்கு முன்னனுபவம் இருந்தது. 1991இல் அறிமுகமான தேசியச் சாதனைப் பதிவேடு, பள்ளி முடிக்கும் மாணவரின் தேர்ச்சிகளையும் பிற ஈடுபாடுகளையும் ஒரு கருஞ்சிவப்புக் கோப்பில் சேர்த்துக் கொடுத்தது. பெரும் முனைப்போடு தொடங்கிய அத்திட்டம் 2000க்குப் பிறகு வழக்கொழிந்தது. உயர்கல்வியில் 1997ஆம் ஆண்டின் டியரிங் குழு அறிக்கை முன்னேற்றக் கோப்பு ஒன்றைப் பரிந்துரைத்தது. அதற்கு இரண்டு பகுதிகள். ஒன்று கல்வி நிறுவனம் தரும் விரிவான மதிப்பெண் பதிவு. மற்றது மாணவர் தன் வளர்ச்சியைத் தானே கவனித்துத் திட்டமிட உதவும் குறிப்பேடு. நிறுவனத்தின் சான்று ஒரு பக்கம், மாணவரின் சிந்தனை ஒரு பக்கம் என்ற இந்தப் பிரிவினை பின்னால் வந்த விவாதம் முழுவதிலும் தொடர்ந்தது.

லெஸ்டர் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த ராபர்ட் பர்ஜெஸ் தலைமையிலான குழு 2007இல் தன் இறுதி அறிக்கையைத் தந்தது. வகுப்புப் பிரிப்பு முறை காலத்துக்குப் பொருந்தாதது என்பதே அதன் முடிவு. ஆனாலும் அதை உடனே ஒழிக்கச் சொல்லாமல், பக்கத்திலேயே உயர்கல்விச் சாதனை அறிக்கை என்ற புதிய ஆவணத்தை வைக்கச் சொன்னது. 2008இல் 18 கல்வி நிறுவனங்களில் சோதனை தொடங்கியது. 2012இல் நாடு முழுவதற்கும் பரிந்துரைக்கப்பட்டது. அறிக்கையின் வடிவம் ஐரோப்பாவின் போலோன்யா உடன்பாட்டோடு வந்த பட்டய இணைப்பின் எட்டுப் பிரிவுகளைத் தழுவியது. நான்காம் பிரிவில் தாள்வாரியாக மதிப்பெண்கள். ஆறாம் பிரிவில்தான் நாம் பேசும் விஷயம் வருகிறது: பல்கலைக்கழகம் மதிப்பிட்டு வழங்கிய கூடுதல் விருதுகள், மதிப்பெண் இல்லாவிட்டாலும் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்ட செயல்பாடுகள், பரிசுகள். மாணவர் மன்றப் பொறுப்பு, வகுப்புப் பிரதிநிதியாக இருந்தது, இளைய மாணவருக்கு வழிகாட்டியது, தொண்டுப் பணி ஆகியவை இங்கே ஏறும். ஒரு கண்டிப்பு உண்டு: பல்கலைக்கழகத்தால் சரிபார்க்க முடியாத எதுவும் உள்ளே வராது.

இந்தக் கண்டிப்புதான் அறிக்கையின் பலம். மாணவர் தன் பயோடேட்டாவில் எதையும் எழுதலாம், இதில் முடியாது. அதன் பலவீனமும் இதுவே. பல்கலைக்கழகத்தின் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் நடந்தவை மட்டுமே சாதனை ஆயின. வளாகத்துக்கு வெளியே நடக்கும் வாழ்க்கை அப்படியே வெளியில் நின்றது.

வகுப்புப் பிரிப்பு முறையை இந்த அறிக்கையால் அசைக்கவும் முடியவில்லை. இங்கிலாந்தில் 2010–11இல் முதல் வகுப்பில் தேறியவர்கள் 100க்கு 16 பேர். பெருந்தொற்றுக் காலமான 2020–21இல் அது 38ஐ நெருங்கியது. ஒற்றைத் தரக்குறி இவ்வளவு தளர்ந்துபோன பிறகும் நிறுவனங்கள் அதைவிட விரிவான அறிக்கைக்குத் தாவவில்லை. எர்ன்ஸ்ட் அண்ட் யங் 2015இலும் பி.டபிள்யூ.சி. 2022இலும் பட்ட வகுப்பு நிபந்தனையைக் கைவிட்டபோது, முதற்கட்ட வடிகட்டலுக்கு அவர்கள் நம்பியது தங்கள் சொந்த இணையவழித் தேர்வுகளை. பல்கலைக்கழகங்களில் சில அறிக்கையைத் தொடர்கின்றன, சில நிறுத்திவிட்டன. விடுபட்டதை ஆவணமாக்கிக் கொடுத்தால் வேலை தருபவர்கள் படிப்பார்கள் என்ற எதிர்பார்ப்பு பெருமளவு பொய்த்தது.

மூன்று வடிவங்கள்

அமெரிக்காவில் இந்தச் சிந்தனை இன்னும் பழையது. ராபர்ட் பிரவுனும் ரிச்சர்ட் சிட்ரினும் 1977இல் எழுதிய கட்டுரை, மதிப்பெண் பட்டியலுக்கு இணையாக மாணவர் வளர்ச்சிப் பட்டியல் ஒன்று வேண்டும் என்று வாதிட்டது. அதற்கு மூன்று வடிவங்களையும் முன்வைத்தது: பங்கேற்ற செயல்பாடுகளின் பட்டியல், பெற்ற திறன்களின் பட்டியல், செய்த வேலைகளின் தொகுப்பு. அதன் பிறகு வந்த எந்தத் திட்டத்தை எடுத்தாலும் இந்த மூன்றில் ஒன்றாகவோ இவற்றின் கலவையாகவோதான் இருக்கிறது.

முதல் வடிவம் எளிது. எந்தச் சங்கம், எந்த ஆண்டு, என்ன பொறுப்பு என்று குறித்தால் போதும். சரிபார்ப்பதும் சுலபம். ஆனால் சங்கத்தில் பெயர் கொடுத்தவரும் சங்கத்தைத் தூக்கி நிறுத்தியவரும் அதில் ஒரே மாதிரி ஒரு வரியாகத்தான் தெரிவார்கள். இரண்டாம் வடிவம் செயலிலிருந்து திறனுக்குப் போகிறது. டொரண்டோ பல்கலைக்கழகம் 2013இல் தொடங்கிய பாட இணைப் பதிவேட்டில் ஒவ்வொரு செயல்பாட்டுக்கும் அதில் வளரக்கூடிய திறன்கள் முன்கூட்டியே வரையறுக்கப்பட்டிருக்கும். அவற்றில் தான் பெற்றவை எவை என்று மாணவர் தெரிவு செய்வார், பொறுப்பாளர் உறுதிசெய்வார். மாணவரைத் தன் அனுபவத்தைப் பற்றி யோசிக்க வைக்கும் நல்ல ஏற்பாடு இது. தலைமைப் பண்பு, குழுப்பணி என்ற அதே சில சொற்கள் எல்லோருடைய ஏட்டிலும் திரும்பத் திரும்ப வருவது இதன் ஆபத்து. மூன்றாம் வடிவமான தொகுப்பில் அறிக்கை, படம், காணொளி, நிரல், கணக்குத் தாள் என்று செய்த வேலையே சாட்சியாக நிற்கிறது. நம்பகமானது இதுதான், பார்ப்பவரிடம் அதிக நேரம் கேட்பதும் இதுதான். நூற்றுக்கணக்கான விண்ணப்பங்களை ஒரே நாளில் தள்ளிவிட வேண்டிய ஒருவருக்கு அந்த நேரம் இருக்காது.

இந்த நேரப் பிரச்சினைக்குத் தொழில்நுட்பம் பதில் சொல்ல முயன்றது. மொசில்லா அறக்கட்டளை 2011இல் முன்வைத்த திறந்த டிஜிட்டல் பேட்ஜ் முறையில், யார் தந்தது, எதற்காகத் தந்தது, ஆதாரம் என்ன என்ற தகவல்கள் பேட்ஜுக்குள்ளேயே பொதிந்திருக்கும். அமெரிக்கப் பதிவாளர்கள் சங்கமும் மாணவர் நல அலுவலர்கள் சங்கமும் லுமினா அறக்கட்டளையின் உதவியோடு 2015இல் தொடங்கிய திட்டம், வகுப்பறைக் கற்றலையும் வெளிக் கற்றலையும் ஒரே மின்பதிவில் கொண்டுவர முயன்றது. சீனாவில் அரசும் கம்யூனிஸ்ட் இளைஞர் கழகமும் 2018இல் 'இரண்டாம் வகுப்பறை'க்கென்று தனி மதிப்பெண் பட்டியலைப் பல்கலைக்கழகங்களில் பரப்பும் நெறிமுறையை வெளியிட்டன. சிங்கப்பூர் உயர்நிலைப் பள்ளிகளின் லீப்ஸ் திட்டம் தலைமை, சாதனை, பங்கேற்பு, சேவை ஆகியவற்றை அளந்து, மேல்படிப்புச் சேர்க்கையில் இரண்டு புள்ளிகள் வரை சலுகையாக மாற்றித் தருகிறது. நாடுகளின் அரசியல் எப்படி இருந்தாலும், எண்ண முடியாததை எண்ணிவிடும் ஆசை எங்கும் ஒன்றுதான்.

சான்று எப்போது செல்லுபடியாகிறது

பொருளாதார அறிஞர் மைக்கேல் ஸ்பென்ஸ் 1973இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இந்த இடத்தில் உதவும். வேலைச் சந்தையில் ஆள் எடுப்பவருக்கு விண்ணப்பிப்பவரின் உண்மைத் திறன் தெரியாது. ஆகவே அவர் அடையாளங்களைப் பார்க்கிறார். திறன் இல்லாதவருக்கு அடைவது கடினமாக இருந்தால்தான் அடையாளத்துக்கு மதிப்பு. எல்லோருக்கும் எளிதில் கிடைப்பது அடையாளம் ஆகாது.

பட்டதாரிகள் பெருகப் பெருக பட்டத்தின் அடையாள மதிப்பு குறைகிறது. பிரிட்டன் மாணவர்களைப் பேட்டி கண்டு மைக்கேல் டாம்லின்சன் 2008இல் வெளியிட்ட ஆய்வு, பட்டம் மட்டும் போதாது என்ற உணர்வு அவர்களிடம் பரவலாக இருந்ததைக் காட்டியது. கூடுதலாக ஏதாவது வேண்டும், அதைத் தேடிச் சேர்க்க வேண்டும் என்று அவர்கள் நினைத்தார்கள். சுவிட்சர்லாந்து மாணவர்களிடம் நிக்கோலா ருலானும் ஏட்ரியன் பாங்கெர்ட்டரும் நடத்திய ஆய்வும் பாடம் சாராச் செயல்பாடுகள் பிறரைவிட ஓரடி முன்னே நிற்கும் வழியாகவும் ஆகிவிட்டதை எடுத்துக்காட்டியது. எல்லோரும் அந்த ஓரடியை எடுத்துவைத்தால் வரிசை பழையபடிதான் இருக்கும் என்பது இதன் இயல்பான அடுத்த கட்டம்.

இந்தியாவில் செல்லுபடியாகும் பதிவுக்கு ஓர் எடுத்துக்காட்டு கண்முன்னே இருக்கிறது. தேசிய மாணவர் படையின் 'சி' சான்றிதழ். ஆண்டுக்கணக்கில் அணிவகுப்பு, முகாம், பிறகு படையே நடத்தும் எழுத்து, செயல்முறைத் தேர்வு, அதில் தரம் என்று பல படிகளைத் தாண்டினால்தான் அது கைக்கு வரும். குறிப்பிட்ட தரம் பெற்ற பட்டதாரி, ராணுவத்தின் சிறப்பு நுழைவுத் திட்டத்தில் எழுத்துத் தேர்வு இல்லாமலே தேர்வு வாரிய நேர்காணலுக்குப் போகலாம். சான்று தருபவர் யார், தரத்தின் பொருள் என்ன, அதைப் படிப்பவர் யார் என்ற மூன்றும் இங்கே தெளிவு. மாநில, தேசிய அளவிலான விளையாட்டுச் சான்றிதழ்களும் அரசுப் பணி ஒதுக்கீட்டில் இப்படித்தான் மதிப்புப் பெறுகின்றன.

நாட்டு நலப்பணித் திட்டத்தை அருகில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு புரியும். காந்தி நூற்றாண்டான 1969இல் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது அது. இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரப் பணி, ஏழு நாள் சிறப்பு முகாம் என்று அதற்கும் அளவு உண்டு. தத்தெடுத்த கிராமத்தில் ஒரு வாரம் தங்கி, சமைத்து, ஊர்க்காரர்களோடு பேசி, வேலை செய்த அனுபவம் எந்த அணிவகுப்புக்கும் இளைத்ததல்ல. ஆனால் அந்தச் சான்றிதழைப் பார்க்கும் தனியார் நிறுவனத்துக்கு இரண்டு பேர் கொண்டுவரும் இரண்டு சான்றிதழ்களிடையே வேறுபாடு தெரியாது. மணி நேரம் இருக்கிறது. மணி நேரத்தில் செய்தது என்ன என்று அதில் இல்லை.

யாருக்குப் பதிவு, யாருக்கு வெறுமை

இந்தத் துறையின் மிகக் கடினமான கேள்வி சமத்துவம் பற்றியது. அமெரிக்காவின் பெரிய முதலீட்டு வங்கிகள், சட்ட நிறுவனங்கள், ஆலோசனை நிறுவனங்களில் ஆள் எடுப்பவர்கள் 120 பேரைப் பேட்டி கண்ட சமூகவியலாளர் லாரன் ரிவேரா, அவர்கள் பாடம் சாராச் செயல்பாடுகளைப் பெரிதாக மதிப்பதைக் கண்டார். ஆனால் அவர்கள் மதித்தது, சிறு வயதிலிருந்தே பணமும் நேரமும் செலவிட்டு வளர்த்த பொழுதுபோக்குகளை. பின்னர் அவரும் ஆண்ட்ராஸ் டில்சிக்கும் 2016இல் வெளியிட்ட கள ஆய்வில், 316 சட்ட நிறுவனக் கிளைகளுக்குக் கற்பனையான விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. படிப்பும் மதிப்பெண்ணும் ஒன்றே. வேறுபாடு முக்கியமாகச் செயல்பாடுகளில். பாய்மரப் படகும் போலோவும் மேற்கத்தியச் செவ்வியல் இசையும் எழுதியிருந்த ஆண் விண்ணப்பதாரருக்கு 100க்கு 16 அழைப்புகள் வந்தன. ஓட்டப் பந்தயமும் தெருக் கால்பந்தும் கிராமிய இசையும் எழுதியிருந்த ஆணுக்கு ஒன்றைச் சற்றே தாண்டியது. பெண்களிடம் இந்தப் பலன் கிடைக்கவில்லை. வசதியான வீட்டுப் பெண் குடும்பத்துக்காக வேலையை விட்டுவிடுவாள் என்ற சந்தேகம் அங்கே குறுக்கே வந்தது. செயல்பாட்டுப் பதிவு திறனை மட்டும் சொல்வதில்லை, பிறந்த வீட்டையும் சொல்லிவிடுகிறது.

பிரிட்டனில் பிரிஸ்டல் நகரத்தின் இரு பல்கலைக்கழகங்களில் 2010இல் தொடங்கி மாணவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வும் இதையே வேறு வழியில் கண்டது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் எந்தச் செயல்பாடு பின்னால் உதவும் என்பதை முதலாண்டிலேயே அறிந்து அதற்கேற்ப நகர்ந்தார்கள். அவர்களுக்கு வீட்டில் சொல்லித்தர ஆள் இருந்தது. உழைக்கும் வர்க்கத்துப் பிள்ளைகள் படிப்பை ஒழுங்காக முடித்தால் போதும் என்று நம்பினார்கள், மீதி நேரத்தில் கூலி வேலைக்குப் போனார்கள். லீட்ஸ் நகரில் ஜாக்குலின் ஸ்டீவன்சனும் சூ கிளெக்கும் செய்த ஆய்வுகள், குடும்பப் பராமரிப்பு, சம்பளத்துக்குச் செய்யும் பகுதிநேர வேலை, சமயச் சமூகப் பணி ஆகியவற்றைப் பல்கலைக்கழகம் செயல்பாடாகவே எளிதில் பார்ப்பதில்லை என்பதைக் கவனப்படுத்தின.

தமிழ்நாட்டுக்கு இது அந்நியக் கதை இல்லை. இரண்டு ஷிப்ட் முறையில் இயங்கும் அரசுக் கலைக் கல்லூரிகளில், வகுப்பு முடிந்ததும் ஓடிப்போய்க் கடையில் நிற்பவர்கள் உண்டு. முகூர்த்த நாள்களில் கேட்டரிங் பரிமாறப் போகிறவர்கள் உண்டு. இரவில் உணவு டெலிவரி செய்கிறவர்கள் உண்டு. ஊரிலிருந்து பேருந்தில் வந்துபோகும் மாணவிக்குக் கடைசிப் பேருந்துதான் கல்லூரி நாளின் எல்லை. மாலை நாலரைக்குத் தொடங்கும் எந்த மன்றக் கூட்டமும் அவர்களை விட்டுவிட்டுத்தான் நடக்கிறது. முந்நூறு பேர் பந்தியில் இலை பார்த்துப் பரிமாறி, குறை சொல்பவரிடம் பொறுமையாகப் பேசி, கடைசியில் கூலிக்கணக்கு வாங்கும் ஒரு மாணவர், நேர்காணலில் கேட்கப்படும் குழுப்பணிக்கும் நெருக்கடி சமாளிப்புக்கும் கைநிறைய உதாரணம் வைத்திருக்கிறார். அதைச் சொல்லலாம் என்றுகூட அவருக்கு யாரும் சொன்னதில்லை. பெரும்பாலும் மறைக்கவே கற்றிருக்கிறார்.

புள்ளிக்கு ஓடும் ஓட்டம்

பதிவு கட்டாயமாகும்போது என்ன நடக்கிறது என்பதை இந்தியத் தொழில்நுட்பக் கல்வி காட்டுகிறது. கேரளத்தின் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2015ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்திலேயே பி.டெக். பட்டத்துக்குச் செயல்பாட்டுப் புள்ளிகளை நிபந்தனையாக்கியது. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமம் 2018இல் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டத்தோடு நான்காண்டு மாணவருக்கு 100 செயல்பாட்டுப் புள்ளிகள் என்ற திட்டம் வந்தது. நோக்கம் நியாயமானது. புத்தகத்தை விட்டுத் தலை நிமிராத பொறியியல் மாணவரை வெளியே இழுக்கக் கட்டாயம் தவிர வேறு வழி தெரியவில்லை.

ஆனால் எந்த அளவுகோலும் இலக்கானதும் அளவுகோலாக நீடிப்பதில்லை என்பது பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் சார்லஸ் குட்ஹார்ட்டின் பெயரால் வழங்கும் விதி. 2020 ஊரடங்கில் இதன் உச்சத்தைப் பார்த்தோம். கூகுள் படிவத்தில் பத்துக் கேள்விக்கு விடை தந்தால் மின்சான்றிதழ் மின்னஞ்சலில் வந்து விழுந்தது. தினம் ஒரு வெபினார், தினம் ஒரு சான்றிதழ். ஒரு கட்டத்தில் சான்றிதழ் வாங்காதவர் எவரும் இல்லை, அதைப் பார்க்கிறவரும் எவரும் இல்லை.

கல்லூரிகளுக்கும் தனியாக ஒரு தேவை இருக்கிறது. உயர்கல்வி நிறுவனங்களைத் தரப்படுத்தும் நாக் அமைப்பின் மதிப்பீட்டில் விரிவாக்கப் பணிக்கும் மாணவர் பங்கேற்புக்கும் அளவுகள் உண்டு. அதற்கு அறிக்கை, கையெழுத்துப் பட்டியல், இடக்குறியோடு எடுத்த புகைப்படம் எல்லாம் வேண்டும். ஆகவே மரக்கன்று நடும் நிகழ்ச்சியில் மரக்கன்றைவிடப் புகைப்படத்துக்கு அதிகக் கவனம் கிடைத்துவிடுகிறது. பேனர் பிடித்து நின்றவர் யார் என்று கோப்பில் இருக்கும். குழி வெட்டியவர் யார், பிறகு தண்ணீர் ஊற்றியவர் யார் என்று இருக்காது. ஒரே பதிவு கல்லூரியின் தரத்துக்கும் மாணவரின் வேலைவாய்ப்புக்கும் பயன்படும் என்று நினைப்பது தவறான சிக்கனம். முன்னதற்கு எத்தனை பேர் என்பது முக்கியம், பின்னதற்கு இவர் என்ன செய்தார் என்பது முக்கியம்.

நம்மிடம் ஏற்கெனவே இருப்பவை

தமிழ்நாட்டுக் கலை, அறிவியல் கல்லூரிகளின் பாடத்திட்டத்தில் தமிழ், ஆங்கிலம், முதன்மைப் பாடம், திறன் சார்ந்த தாள்கள் என்ற வரிசையின் கடைசியில் பகுதி ஐந்து என்று ஒன்று இருக்கிறது. நாட்டு நலப்பணித் திட்டம், தேசிய மாணவர் படை, இளைஞர் செஞ்சிலுவைச் சங்கம், விளையாட்டு போன்றவற்றில் ஒன்றில் பங்கேற்க வேண்டும். பெரும்பாலும் அதற்கு ஒரே ஒரு கிரெடிட். எந்த மாணவரும் விடுபடாத ஒரு கட்டமைப்பு கையில் இருக்கிறது. ஆனால் பகுதி ஐந்து என்றால் பட்டியலில் 'நிறைவு செய்தார்' என்று விழும் ஒரு வரி என்ற அளவிலேயே நின்றுவிட்டது.

தேசிய அளவில் 2021இல் கல்விக் கிரெடிட் வங்கி வந்தது. 2023இல் வெளியான தேசிய கிரெடிட் கட்டமைப்பு, வகுப்பறைக்கு வெளியே பெறும் கற்றலுக்கும் கிரெடிட் தர வழி திறந்தது. சான்றிதழ்களை டிஜிலாக்கரில் வைத்து யாருக்கும் காட்டும் வசதி ஏற்கெனவே உள்ளது. மாநில அரசு 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் திறன் பயிற்சியைக் கல்லூரிப் பாடவேளைக்குள்ளேயே கொண்டுவந்தது. மென்பொருளும் சட்டமும் மேடையும் தயார். எதைப் பதிவது என்பதுதான் இன்னும் யோசிக்கப்படாமல் இருக்கிறது.

வேலை தரும் பக்கத்தையும் நேராகப் பார்க்க வேண்டும். பெரிய எண்ணிக்கையில் ஆள் எடுக்கும் வளாகத் தேர்வுகளின் முதற்கதவு பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு மூன்றிலும் 60 சதவீதம், அரியர் இல்லை என்பது போன்ற நிபந்தனை. அடுத்தது அப்டிடியூட் தேர்வு. இந்த இரண்டிலும் செயல்பாட்டுப் பதிவுக்கு வேலையே இல்லை. கடைசிக் கட்டத்தில், மனிதவள அலுவலர் எதிரே உட்கார்ந்து உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்கும்போதுதான் அது உயிர் பெறுகிறது. அப்போதும் அவர் ஏட்டைப் படிப்பதில்லை. மாணவர் வாய் திறந்து சொல்வதைக் கேட்கிறார். ஆகவே பதிவேட்டின் முதல் வாசகர் நிறுவனம் என்று எண்ணிய இடத்தில்தான் பல திட்டங்கள் சறுக்கின. அதன் முதல் வாசகர் அதை எழுதிய மாணவரே. தான் செய்ததைத் திரும்பப் பார்த்து, அதில் தன் பங்கு எது என்று பிரித்தறிந்து, அதைச் சொல்லப் பழகும் ஏடாக இருந்தால் மட்டுமே அது வேலைவாய்ப்புக்கு உதவும்.

எப்படிப்பட்ட பதிவேடு வேண்டும்

இதுவரை பார்த்ததிலிருந்து சில முடிவுகளுக்கு வரலாம்.

முதலாவது, உறுப்பினராக இருந்ததை எழுதாமல் செய்ததை எழுத வேண்டும். 'நாட்டு நலப்பணித் திட்டத் தொண்டர்' என்ற வரி எவருக்கும் எதையும் சொல்லாது. 'ஏழு நாள் முகாமில் ஐம்பது பேர் சாப்பாட்டுக்கான பொருள் வாங்கும் பொறுப்பை ஏற்றார். வரவு செலவுக் கணக்கை ஒப்படைத்தார்' என்ற வரி பேசும். திட்ட அலுவலர் கையெழுத்திட வேண்டியதும் இப்படிப்பட்ட வரிக்குத்தான். ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு இரண்டு மூன்று வரிகள் போதும்.

இரண்டாவது, சம்பளத்துக்குச் செய்த வேலையும் வீட்டுப் பொறுப்பும் உள்ளே வர வேண்டும். கல்லூரி இவற்றை முழுக்கச் சரிபார்க்க முடியாது என்பது உண்மை. பிரிட்டன் அறிக்கை இந்த இடத்தில்தான் கதவை மூடியது. மூடுவதற்குப் பதில் ஏட்டை இரண்டாகப் பிரிக்கலாம்: கல்லூரி சான்றளிப்பது ஒரு பகுதி, மாணவர் தம் பொறுப்பில் சொல்வது இன்னொரு பகுதி. எது எந்தப் பகுதி என்று தெளிவாகத் தெரிந்தால் யாரும் ஏமாறப் போவதில்லை.

மூன்றாவது, புள்ளியும் கூட்டுத்தொகையும் வேண்டாம். கூட்டுத்தொகை வந்த நொடியில் அது இன்னொரு மதிப்பெண்ணாகிவிடும். நேரம் உள்ளவர் நிறையச் சேர்ப்பார், இல்லாதவர் தோற்பார்.

நான்காவது, எதைக் காட்டுவது என்ற முடிவு மாணவரிடம் இருக்க வேண்டும். எந்த மாணவர் அமைப்பில் இருந்தார், எந்தக் கோயில் அல்லது தேவாலயப் பணியில் ஈடுபட்டார் என்ற வரியிலிருந்து அவரது அரசியலையும் மதத்தையும் சாதியையும் ஊகித்துவிடலாம். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதலை அடிப்படையாக வைக்கிறது. ஏடு மாணவருடையது, கல்லூரி அதற்குச் சாட்சி என்ற நிலையே சரி.

ஐந்தாவதும் மிகச் செலவு பிடிப்பதும் ஆசிரியரின் நேரம். நம் கல்லூரிகளில் டியூட்டர்–வார்டு முறை ஏற்கெனவே உண்டு. ஒவ்வோர் ஆசிரியரிடமும் சில மாணவர்கள் ஒப்படைக்கப்பட்டிருப்பார்கள். அந்தச் சந்திப்பு பெரும்பாலும் வருகைக் குறைவு, கட்டண நிலுவை, வீட்டுக்குத் தகவல் என்ற அளவில் முடிந்துவிடுகிறது. பருவத்துக்கு ஒரு முறை அரைமணி நேரம் மாணவரை உட்காரவைத்து, இந்த ஆறு மாதத்தில் என்ன செய்தாய், அதில் எது உன் கையால் ஆனது, எங்கே சொதப்பியது, எப்படிச் சமாளித்தாய் என்று கேட்டால், பதிவேட்டின் பாதி அங்கேயே எழுதப்பட்டுவிடும். முதலில் தமிழில் சொல்லட்டும். தமிழில் கோவையாகச் சொல்ல வந்தபின் ஆங்கிலத்தில் சொல்வது பயிற்சி சார்ந்த விஷயம். உள்ளே சொல்ல ஒன்றும் இல்லாமல் ஆங்கிலத்தை மட்டும் பயிற்றுவிப்பது மனப்பாடத்தில்தான் முடியும். கௌரவ விரிவுரையாளர்களை நம்பி ஓடும் கல்லூரிகளில் இந்த அரைமணி நேரமும் ஊதியம் இல்லாத சுமையாகவே அவர்கள் தலையில் விழும். ஆகவே இதைப் பணிநேரக் கணக்கில் சேர்க்காமல் கேட்பது நியாயமில்லை.

ஐம்பது ஆண்டு அனுபவத்தின் சாரம் இவ்வளவுதான். பதிவேடு வேலை வாங்கித் தராது. வசதியுள்ளவர் கையில் அது இன்னொரு ஆயுதமாகவும், கட்டாயமாக்கப்பட்ட இடத்தில் இன்னொரு சடங்காகவும் மாறும் அபாயம் எப்போதும் இருக்கிறது. ஆனால் முதல் தலைமுறைப் பட்டதாரி ஒருவர் தான் வாழ்ந்த வாழ்க்கையிலேயே தகுதி இருக்கிறது என்று கண்டுகொள்ளவும், அதைக் கூச்சமின்றிப் பேசவும் அது உதவ முடியும். ஒரு கல்லூரியின் பதிவேடு நன்றாக இருக்கிறதா என்று அறிய, எத்தனை சான்றிதழ் வழங்கினார்கள் என்று எண்ண வேண்டாம். மாலையில் வேலைக்கு ஓடும் மாணவரின் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தால் போதும். அந்தப் பக்கம் காலியாக இருந்தால் குறை ஏட்டில் இருக்கிறது, மாணவரிடம் இல்லை. மென்பொருள் வாங்க நிதி ஒதுக்குவதற்கு முன்பு கல்லூரிகள் இந்தச் சோதனையைச் செய்துகொள்வது நல்லது.